கருவேலங்குடிக்கு ஜூரி கிடையாது

மில்வாக்கி
10-9-1972

அன்புள்ள அக்கா இருதயம்மாளுக்கு,

சிங்கராயன் எழுதிக்கொள்வது. சுகம். உன் கடிதம் பதினாறு நாள் பயணம் செய்து நேற்று வந்து சேர்ந்தது. அப்பா காலத்திலிருந்து நாம் குத்தகைக்குப் பயிர் செய்யும் ஆறு மா நிலத்துக்கு, அரசாங்கத்தின் புதிய குத்தகைப் பதிவேட்டில் உன் பெயரை ஏற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாய். 'அவள் என் கூலியாள், குத்தகைக்காரி இல்லை' என்று பண்ணையார் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். தாசில்தார் விசாரிக்கப் போகிறார். இதுதானே விஷயம்? நீ நான்கு பக்கம் எழுதியதை நான் நான்கு வரியில் அடக்கிவிட்டேன். இங்கே அமெரிக்காவில் கவுண்டி என்ற ஜில்லா நீதிமன்றத்தில், வழக்குக் கட்டுகள் வைக்கும் அலுவலகத்தில் வேலை செய்வதால் வந்த பழக்கம்.

அக்கா, வருத்தப்படாதே. நம் ஊரில் நடப்பதற்கு விசாரணை என்று பெயர் வைத்ததே அதிகம். தாசில்தார் ஒரு நீதிபதியா? காலையில் சர்க்கரைக் கார்டு, மத்தியானம் மந்திரிக்கு மாலை, சாயங்காலம் உன் நிலம். இங்கே வந்து பார்க்க வேண்டும் நீ. நீதிபதி கறுப்பு அங்கியோடு உள்ளே வரும்போது பெய்லிஃப் என்ற காவலர் 'எல்லோரும் எழுந்திருங்கள்' என்று குரல் கொடுப்பார். கவர்னரே வந்திருந்தாலும் எழுந்திருக்கத்தான் வேண்டும். வழக்கின் உண்மையைத் தீர்மானிப்பது அந்த நீதிபதிகூட இல்லை, ஜூரி. ஊரிலிருந்து பொறுக்கி எடுத்த பன்னிரண்டு சாதாரண ஜனங்கள். கட்சிக்காரர்களோடு பழக்கமுள்ளவர்களை இரண்டு பக்க வக்கீல்களும் கேள்வி கேட்டே கழித்துவிடுவார்கள். குற்ற வழக்கில் மாட்டியவன் கையில் காசில்லை என்றால் அரசாங்கமே அவனுக்கு ஒரு வக்கீலைக் கொடுக்கும், பப்ளிக் டிஃபெண்டர் என்று பெயர். கோர்ட் ரிப்போர்ட்டர் என்று ஒரு அம்மாள் சின்ன மெஷினோடு உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பாள்.

நீ போகும்போது சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள். நீ சொல்வதை அப்படியே எழுதச் சொல். எதிர் வக்கீல் பதிலைத் தானே வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி கேள்வி கேட்டால் 'ஆட்சேபிக்கிறேன்' என்று உடனே சொல்லவேண்டும். சத்தியம் செய்துவிட்டு உண்மையை மட்டும் சொல். சத்தியத்தின் மேல் பொய் சொல்வது இங்கே ஜெயிலுக்குப் போகிற குற்றம். நம்மவர்களுக்கு அந்த பயமே கிடையாது, அதனால்தான் நம் நாடு இப்படி இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
சிங்கராயன்

&nbsp;

சேசு மரி சூசை

கருவேலங்குடி
12-10-1972

தம்பி சிங்கராயனுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைச் சின்னவள் உரக்க வாசித்தாள். 'மாமா அங்கே ஜட்ஜா?' என்று கேட்டாள். 'இல்லடி, ஜட்ஜுக்குக் கட்டு தூக்குற ஆளு' என்றேன். தப்பிருந்தால் எழுது, திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

முதல் விசாரணைக்குப் போய்வந்தேன். உங்கள் ஊரில் எல்லோரும் எழுந்திருக்க வேண்டுமாம். இங்கே எங்களுக்கு உட்கார இடம் கொடுத்தால் அல்லவா எழுந்திருப்பதற்கு? காலை ஒன்பது மணிக்குத் தாலுகா கச்சேரி வாசலில் நின்றேன். மூன்று மணிக்கு டவாலி வெளியே வந்து, 'இருதயம்மா, இருதயம்மா, இருதயம்மா' என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை கத்தினான். 'இந்தா நிக்கிறேனேய்யா' என்றேன். 'கூப்பிடறது என் வேலை, நீ உள்ள போ' என்றான். இதுதான் எங்கள் பெய்லிஃப்.

உள்ளே தாசில்தார் என்னை விசாரித்தார். எந்த வருஷம் அப்பா நிலத்தைப் பிடித்தார், யார் யார் உழுதோம், உன் அத்தான் செத்து ஊர் திரும்பிய பிறகு நான் எப்படி விடாமல் நட்டேன், குத்தகை நெல்லை எந்த வாய்க்கால் கரையில் வைத்து அளந்து கொடுத்தோம் என்று நானும் மூச்சு விடாமல் சொன்னேன். 'ரசீது இருக்கா?' என்றார். 'பண்ணையார் என்னைக்குங்க ரசீது குடுத்தாரு?' என்றேன். அவர் குனிந்து ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மனுதாரர் அழுதார்' என்று இருந்தது. நான் அழவே இல்லையடா. வியர்வையைத் துடைத்தேன். உன் மெஷின் அம்மாளை அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பு. பிறகு வாய்தா போட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். கருவேலங்குடியில் பன்னிரண்டு பேர் எடுத்தால் பதினோரு பேர் பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறம் நின்று சோறு வாங்கினவர்கள். மிச்சம் ஒருத்தர் கோயில் உபதேசியார். அவரும் பண்ணை வண்டியில்தான் பூசைக்கு வருகிறார். அறுபத்தேழுக்கு முன்னால் கதர் போட்டுக்கொண்டிருந்த பண்ணையார் அதற்குப் பிறகு கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு வந்துவிட்டார். அந்தக் கட்சிக்குள்ளேயும் இப்போது சண்டையாம். எந்தக் கரை கட்டுவது என்று தெரியாமல் நாலு நாளாகக் கரையில்லாத வேட்டியில் திரிகிறார். இவர்களுக்குள்ளே பொறுக்கி நீ ஜூரி வை பார்ப்போம்.

எனக்காகக் கூத்தாநல்லூர் சேக் தாவூது வக்கீல் வாதாடுகிறார். விவசாயச் சங்கத்தார் பிடித்துக் கொடுத்த ஆள். மெதுவாகத்தான் பேசுவார். 'பதிவுல பேரு ஏறலன்னா தை அறுப்பு முடிஞ்சதும் டிராக்டர விட்டு உழுதுருவாங்கம்மா, அப்புறம் நீங்க வரப்பு மேல கூட நிக்க முடியாது' என்றார். எனக்கு வேறு என்ன இருக்கிறது? இரண்டு பெண் பிள்ளைகளும் இந்த ஆறு மாவும்தான்.

ஒன்று கேட்டார். 'ஒங்கப்பா கடைசி காலத்துல பண்ணைக்கு எதாச்சும் எழுதிக் குடுத்தாரா?' என்று. அவருக்குத்தான் எழுதவே தெரியாதே என்றேன். அப்பாவின் கடைசி காலத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் இருந்தேன், வீட்டில் நீதான் இருந்தாய். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

அக்கா

&nbsp;

மில்வாக்கி
30-10-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கிண்டலை ரசித்தேன். ஆனால் வழக்கு கிண்டலால் ஜெயிக்காது.

இங்கே தினமும் பார்க்கிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஜூரி, ஜூரி என்று எழுதினேனே, பத்து வழக்கில் ஒன்றுதான் அதுவரை போகும். மற்றதெல்லாம் ராஜியில் முடிந்துவிடும். கிரிமினல் வழக்கில்கூட ப்ராசிக்யூட்டர் என்ற அரசுத் தரப்பு வக்கீல் குற்றவாளியின் வக்கீலைத் தாழ்வாரத்தில் சந்தித்து, 'பெரிய குற்றத்தை விட்டுவிடுகிறேன், சின்னதை ஒப்புக்கொள்ளச் சொல்' என்று பேசி முடித்துவிடுவார். இதற்கு ப்ளீ பார்கெயின் என்று பெயர். கேவலம் ஒன்றும் இல்லை, புத்திசாலித்தனம். முழுதும் போவதைவிடக் கொஞ்சம் மிஞ்சுவது மேல்.

அதனால் சொல்கிறேன். சேக் தாவூது வக்கீலை விட்டுப் பண்ணையாரிடம் ராஜி பேசச் சொல். இரண்டு மா கொடுத்தால் வாங்கிக்கொள். வாய்க்காலை ஒட்டிய துண்டாகக் கேள். பழைய காகிதங்களைக் கிளறுவதால் யாருக்கும் லாபமில்லை. அப்பா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் கச்சேரிக்கு இழுக்க வேண்டாம்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வேலை அதிகம்.

சிங்கராயன்

&nbsp;

கருவேலங்குடி
18-11-1972

சிங்கராயனுக்கு.

நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை என்பதை உன் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் கவனித்தேன். பரவாயில்லை, பதில் கச்சேரியிலேயே கிடைத்துவிட்டது.

பண்ணையார் வக்கீல் ஒரு முத்திரைத்தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். 1967 ஜூன் தேதி. 'மேற்படி நிலத்தில் எனக்குக் குத்தகைப் பாத்தியம் எதுவும் இல்லை, கூலிக்கே உழைத்து வந்தேன், அனுபவத்தை என் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தேன்' என்று அப்பா சொன்னதாக எழுதி, அடியில் பெருவிரல் ரேகை. அதன் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. எழுதியவரும் அந்தச் சாட்சியேதான். முத்து முத்தான எழுத்து. கன்னியர் மடத்துச் சிஸ்டர் உன்னைக் கொட்டிக் கொட்டிப் பழக்கிய எழுத்து எனக்குத் தெரியாதா?

'இது யாரு கையெழுத்து, தெரியுதா?' என்றார் வக்கீல்.

சேக் தாவூது வக்கீல் பின்னாலிருந்து இருமினார். தெரியாது என்று சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. இருமினால் கையெழுத்து மாறிவிடுமா?

'தெரியுதுங்க. என் தம்பி கையெழுத்து. அமெரிக்காவுல கோர்ட்டுல வேல பாக்குறான்' என்றேன்.

தாசில்தார் நிமிர்ந்து பார்த்து, 'பாத்து யோசிச்சு சொல்லும்மா' என்றார். பாவம், அந்த மனுஷனுக்கே பொறுக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். உன்னைக் காப்பாற்றுவதற்கு நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

வெளியே வந்ததும் சேக் தாவூது வக்கீல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். 'வக்கீலு இருமுனா அர்த்தம் இருக்கும்மா' என்றார். பிறகு தெளிந்து ஒரு வழி சொன்னார். நீ அங்கே நோட்டரி என்பவர் முன்னால் போய், அந்த ரேகை எப்படி எடுக்கப்பட்டது என்று நடந்ததை நடந்தபடி சத்திய வாக்குமூலமாக எழுதி, முத்திரை போட்டு அனுப்ப வேண்டும். அடுத்த வாய்தா ஜனவரி இருபத்திரண்டு. அன்றைக்குத் தீர்த்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு அப்போது நினைவு இருந்ததா? என்ன சொல்லிக் கையை நீட்டச் சொன்னாய்? எனக்கு வேண்டாம், நோட்டரியிடம் சொல்.

இருதயம்மாள்

&nbsp;

மில்வாக்கி
9-12-1972

அக்கா,

மூன்று நாள் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த நாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, பங்குச் சாமியார் கடிதமும் இருந்தது, பாஸ்போர்ட் மட்டும் நின்றது. விண்ணப்பத்தில் நற்சான்று கொடுக்க ஒரு பெரிய மனுஷன் வேண்டும், போலீஸ் விசாரணைக்கு வந்தால் நல்லவிதமாகச் சொல்ல வேண்டும். பண்ணையாரைத் தவிர நமக்கு யாரைத் தெரியும்? பண்ணைக் காரியஸ்தர் இளையபெருமாள் நம் வீட்டுக்கு வந்தார். 'சட்டம் வரப்போவுதாம் தம்பி, எல்லாருகிட்டயும் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கிறோம், ஒங்கப்பனை யாரு எறக்கப் போறா? வழக்கம்போல உழுதுகிட்டு இருங்க' என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பாவுக்கு நினைவு இருந்தது. 'என்னடா தாளு?' என்று கேட்டார். 'பாஸ்போட்டுக்கு' என்றேன். அவரே பெருவிரலை நீட்டினார். மையைத் துடைக்கக்கூட விடாமல், 'என் மவன் சீமைக்குப் போறான்' என்று காரியஸ்தரிடம் காட்டிச் சிரித்தார்.

இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் வாக்குமூலம் எழுத முடியாது, அக்கா. புரிந்துகொள். அதை எழுதினால் பொய்ப் பத்திரத்துக்குச் சாட்சி போட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். நான் இருப்பது நீதிமன்ற அலுவலகம். என் விசா புதுப்பிக்கக் காத்திருக்கிறது. இந்த நாட்டு அரசியல் சட்டத்தில் ஐந்தாவது திருத்தம் என்று ஒன்று உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த உரிமை திருடனுக்கும் உண்டு. எனக்கு மட்டும் இல்லையா?

ராஜிக்குப் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

சிங்கராயன்

&nbsp;

கருவேலங்குடி
28-1-1973

சிங்கராயனுக்கு இருதயம்மாள் எழுதுவது.

வழக்கு முடிந்தது. நீ பயந்து செத்துவிடாதே, உன் பெயரை யாரும் போலீசுக்குக் கொடுக்கவில்லை.

உன் கடிதத்தைச் சேக் தாவூது வக்கீலிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். 'இத கோர்ட்டுல காட்டவா?' என்றேன். 'வேணாம்மா, அசிங்கம்' என்றார். என் பிள்ளைகளிடமும் காட்டவில்லை. திருடனுக்கும் உண்டு என்று எழுதினாயே, உன்னை எந்த இனத்தில் சேர்ப்பது என்று நீயே சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். அப்பாவை நினைத்தால்தான் என் வயிறு எரிகிறது. மகன் சொன்னதை நம்பிச் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறாரே, அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் உனக்குத் தாளைக் கிழிக்கத் தோன்றவில்லையா? சீமையில் போய் நீ படித்த படிப்பெல்லாம் அந்தப் பெருவிரலை மறைப்பதற்குத்தானா?

சரி, நடந்ததைக் கேள். இருபத்திரண்டாம் தேதி பண்ணையார் தரப்புச் சாட்சியாக இளையபெருமாள் ஏறினார். அங்கவஸ்திரம், சந்தனப் பொட்டு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி. நான் கூலிக்காரி, அப்பாவும் கூலிக்காரர், தாளில் உள்ளது முழு உண்மை என்று ஒப்பித்தார். சேக் தாவூது வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தாளைப் பற்றிக் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். மனுஷன் அதைத் தொடவே இல்லை.

'நீங்க பெரிய காரியஸ்தர்னு தாலுகா பூரா சொல்லுதுங்க. களத்துல நெல்லு களவு போறதே இல்லையாமே?' என்று ஆரம்பித்தார்.

இளையபெருமாளுக்குத் தலை கால் புரியவில்லை. 'எங்கிட்ட எப்படிங்க போவும்? தூத்திக் குவிச்ச ஒடனே குவியல் மேல சாம்பல்ல குறி போட்டுருவேன். ஒரு பிடி அள்ளுனாலும் குறி கலைஞ்சு காட்டிக் குடுத்துரும். அளக்குற வரைக்கும் ஒரு நெல்லு நகராது.'

'இருதயம்மா குவியல்லயும் நீங்கதான் போடுவீங்களா? ஆள விட்டுட மாட்டீங்களே?'

'ஆள விடுறதா? என் கையாலதான். அவுங்கப்பன் காலத்துலேந்து நான்தான். போன தையில கூடப் போட்டேன். ஒரு வருஷம் தவறுனதில்ல.'

'பண்ணையோட சொந்தப் பயிர், கூலி ஆள வச்சு அறுக்குறீங்களே, அந்தக் குவியலுக்கும் குறி உண்டா?'

இளையபெருமாள் சிரித்தே விட்டார். 'என்ன வக்கீலய்யா, வயல் பக்கமே போனதில்லையா? நம்ம நெல்லுக்கு நாமளே குறி போட்டுக்குவோமா? அது கட்டோட பண்ணைக் களத்துக்கு வந்துரும், சுத்திச் செவரு இருக்கு. குத்தகைக்காரன் குவியலுக்குத்தான் குறி. அவன் வீட்டுக்கு அள்ளிட்டுப் போயிடக் கூடாதுல்ல?'

சொன்ன பிறகும் அந்த ஆளுக்கு விளங்கவில்லை. பண்ணையார் வக்கீல் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பு நின்றது. தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'அறுபத்தேழுல நிலத்த விட்டுக் குடுத்தாங்கன்னு தாளு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷமா அந்தம்மா குவியல்ல குத்தகைக் குறி போட்டேங்கிறீங்க. எதய்யா நெசம்?' என்றார். இளையபெருமாள் பண்ணையாரைப் பார்த்தார், பண்ணையார் ஜன்னலைப் பார்த்தார். களத்தில் முப்பது வருஷமாக அப்பாவையும் என்னையும் மனுஷராகப் பார்க்காமல், திருடப் போகிறவர்களாக மட்டுமே பார்த்து வைத்த குறி, அதுதான் எனக்குச் சாட்சி சொன்னது. அன்றைக்குத் தாசில்தார் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

அன்று சாயங்காலமே உத்தரவு சொல்லிவிட்டார். ஆறு மாவும் குத்தகை என்று பதிவாகிவிட்டது. டிராக்டர் வராது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பதிவு எழுதும்போது குமாஸ்தா கேட்டார், 'தகப்பனார் வழி வந்த குத்தகை. ஒங்களத் தவிர வேற வாரிசு உண்டா?' சேக் தாவூது வக்கீல் இந்தத் தடவை இருமவில்லை, கையையே ஆட்டினார், இல்லை என்று சொல்லும்படி. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. பண்ணையாரே அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

'ஒரு தம்பி இருக்கான்' என்றேன்.

ஏன் சொன்னாய் என்று வழியெல்லாம் வக்கீல் திட்டிக்கொண்டே வந்தார். அப்பாவுக்கு நீயும் பிள்ளைதான், என்ன செய்ய? உன்னைப் போல் சவுகரியத்துக்குச் சாட்சி சொல்ல எனக்குப் பழக்கமில்லை. ஆண் வாரிசு என்று குமாஸ்தா உன் பெயரை முதலில் எழுதினார், என் பெயர் அடுத்த வரியில். நம் கிறிஸ்தவ வேத சட்டப்படி, கோர்ட் சட்டப்படி, எதன்படியோ, மூன்று மா உனக்கு. ஒரு நாள் அந்தச் சேற்றில் காலை வைத்திருக்கிறாயா நீ?

நேற்று இளையபெருமாள் வாசலுக்கு வந்தார். பொட்டு இல்லை. பண்ணையார் உன் விலாசம் கேட்டாராம். உன் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒரு தாள் தபாலில் அனுப்பப் போகிறார்களாம். உன் விசாவுக்கு டெல்லியில் யாரோ பெரிய ஆளைப் பிடித்துத் தருவதாகவும் எழுதுவார்களாம். 'வெலாசம் குடுக்க மாட்டேன்னு சொல்லிருவியோன்னு நெனச்சேன்' என்று அவரே சொன்னார்.

உன் கவரைப் பார்த்து, வீட்டு நம்பரிலிருந்து ஊர் வரைக்கும், இங்கிலீஷ் எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

தாள் வரும். பெருவிரல் நீட்ட அப்பா இல்லை. போடுவதானால் உன் பெயரை நீயே போடு.

இருதயம்மாள்